ஏழாவது படி

இரண்டு நாற்பதுக்குப் போன் முனகியது.
கழனிவாசலில் கரண்ட் போய் வந்த நேரம்,
இன்வெர்ட்டர் ஒரு தரம் விக்கி நின்றது.
பதினோரு படி கொண்ட இரவு வேலையில்
ஆறு பச்சை, ஏழாவது சிவப்பு,
மீதி நாலும் சாம்பல் நிறத்தில்
தங்கள் முறை வருமா என்று தெரியாமல்.

அடகு நகைக்கு வட்டி போடும் படி அது.
இருபத்தெட்டுக் கிளை, நாற்பத்தோராயிரம் கடன்.
ஐந்து நிமிடத்துக்கு ஒருதரம்
மூன்று முறை தானே முயன்றிருக்கிறது,
பூட்டிய கதவை ஒரே விரலால்
ஒரே இடத்தில் தட்டுகிறவனைப் போல.
நெட் அறுந்திருந்தால் அது போதும்.
சர்வர் அசந்திருந்தால் அது போதும்.
இது அந்த ரகம் இல்லை.

முதலிலிருந்து ஓட்டலாம்தான்.
ஆனால் பாதிக் கடனுக்கு வட்டி ஏறிவிட்டது;
மறுபடி ஓட்டினால் மறுபடி ஏறும்.
ஒரு நாளுக்கு இரண்டு வட்டி என்றால் என்னவென்று
காரைக்குடியில் யாருக்கும் சொல்லித்தர வேண்டாம்.
ஏறியதை முதலில் இறக்கினேன்.
பிறகுதான் தண்ணீர் குடித்தேன்.

லாகைத் திறந்து கீழிருந்து மேலே வந்தேன்.
முந்நூறு வரிப் புலம்பலுக்கு நடுவில்
புதுவயல் கிளை, செம்பாயி, க/பெ வெள்ளைச்சாமி,
தோடு ஒரு ஜோடி.
எடை என்ற கட்டத்தில்
எண் இல்லை. எழுத்து.
‘கல் நீங்கலாக’.

பெருக்கல் குறிக்கு முன்னால்
ஒரு சொல் வந்து உட்கார்ந்தால்
இயந்திரம் என்ன செய்யும், பாவம்.

சுலபமான வழி எனக்குத் தெரியும்:
சொல் வந்தால் பூஜ்யம் என்று வைத்துக்கொள்.
காலை ஆறு மணிக்குப் பதினோராவது படி
செம்பாயிக்குக் குறுஞ்செய்தி அனுப்பும்.
தங்கள் நகையின் எடை 0.00 கிராம்.

அதைவிடச் சுலபமானதும் தெரியும்.
‘பிழை வந்தாலும் அடுத்த படிக்குப் போ.’
ஒரு டிக். அவ்வளவுதான்.
போன ஆடியில், காய்ச்சலில் ஒரு ராத்திரி
ஐந்தாவது படிக்கு அந்த டிக்கைப் போட்டவள் நான்.
காலையில் எடுத்துவிடலாம் என்று இருந்தேன்.
எட்டு மாதமாக எல்லாம் பச்சை.
மேனேஜர் இரண்டு தடவை பாராட்டினார்.
இப்போதுதான் போய்ப் பார்க்கிறேன்,
கட்டிய காசை வரவு வைக்கும் அந்தப் படி
சத்தமில்லாமல் விழுங்கிய வரிகள்
இருநூற்றுப் பதினேழு.
சிலர் கவுண்டரில் சண்டை போட்டிருப்பார்கள்.
சிலர் மறுபடி கட்டியிருப்பார்கள்.

எங்கள் கோயில் நோட்டில்
கல்யாணத்தோடுதான் ஒரு புள்ளி.
முப்பத்தாறு வயதில் எந்தப் புள்ளியிலும் சேராத எனக்கு
எண்ணிக்கையில் விழாமல் போவது
இன்னதென்று தெரிந்திருக்க வேண்டும்.

டிக்கை எடுத்தேன்.
செம்பாயியைத் தனியே ஒதுக்கி வைத்து
மற்றவர்களைப் போகவிட்டேன்.
குறுஞ்செய்திப் படியை நிறுத்தினேன்.
217 என்று மட்டும் தலைப்பிட்டு
மேனேஜருக்கு ஒரு மெயில்,
‘சிஸ்டம்’ என்று தொடங்கியதை அழித்து
‘நான்’ என்று தொடங்கி.
அனுப்பியபோது பல்லவன் ஊதிக்கொண்டு கிளம்பியது.

ஒன்பதரைக்குப் புதுவயல்.
எடுத்தவர் அடைக்கலம்.
எடைக் கட்டத்தில் எண்தானே போடணும் அண்ணே, என்றேன்.

‘ரெண்டு தோட்டுலயும் சேர்த்து
பதினாலு செவப்புக் கல்லும்மா.
பேத்துத்தான் எடை பார்க்கணும்.
அந்தம்மா வேணாங்குது, எனக்கும் மனசு வரலை.
அதை எழுத நீங்க
எங்க இடம் வச்சிருக்கீங்க, சொல்லுங்க?’

அந்தப் பக்கம் யாரோ சில்லறை கேட்டார்கள்.
லைன்ல இருங்க என்று போனை மேஜையில் வைத்துவிட்டுப் போனார்.
இருந்தேன்,
எடைக்குப் பக்கத்தில் புதுக் கட்டம் ஒன்றைத் திறந்து,
அதற்கு என்ன பெயர் வைப்பதென்று தெரியாமல்.